பெரியாற்று நீரின் பின்னால் ஒரு பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவன் நான். தேக்கடிக்கு வரும் உறவினர்களும் நண்பர்களும் முல்லைப்பெரியாறு அணையைப் பற்றி ஆண்டுதோறும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். படித்துவிட்டு வந்தால் பார்ப்பதற்கு இன்னும் நிறைய இருக்கும்.

அணையை நேரில் பார்க்க முடியுமா?

முடியாது. வருகிற பலருக்கும் முதல் ஏமாற்றம் இதுதான், ஆகவே இதையே முதலில் சொல்லிவிடுகிறேன். அணை கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், பெரியாறு புலிகள் காப்பகத்தின் நடுக்காட்டில் இருக்கிறது. தேக்கடியிலிருந்து படகில் போகலாம், வல்லக்கடவு வழியாகக் காட்டுப்பாதையிலும் போகலாம். ஆனால் இரண்டு வழிகளும் அதிகாரிகளுக்கும் பணியாளர்களுக்கும் மட்டுமே. சுற்றுலாப் படகுகள் அணைக்கு வெகுதூரம் முன்னதாகவே திரும்பிவிடும். "ஆளைப் பிடித்தால் உள்ளே விடுவார்களாமே" என்று யாராவது சொன்னால் நம்பி அலையாதீர்கள்.

ஆனால் அணையைப் பார்க்காவிட்டால் ஒன்றும் பார்க்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். காட்டுக்குள் இருக்கும் அந்தக் கற்சுவர் இந்த ஏற்பாட்டின் தலை மட்டுமே. ஏரி, மலையைக் குடைந்த சுரங்கம், மின் நிலையம், ஆறு, வாய்க்கால், கண்மாய், வயல் என்று உடல் முழுவதும் வெளியேதான் கிடக்கிறது. தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் குமுளியில் தொடங்கி மதுரைப் பக்கத்து மேலூர் வரை நீரின் பின்னாலேயே போனால் அதில் பெரும்பகுதியைக் கண்ணால் பார்த்துவிடலாம். என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் அந்தப் பயணத்தைத்தான் சொல்வேன்.

அப்படி என்ன சிறப்பு? அணைகள் எங்கும்தானே இருக்கின்றன?

பெரும்பாலான அணைகள் ஒரு ஆற்றைத் தடுத்து அதே ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு நீரை விடுகின்றன. இங்கே நடந்தது வேறு. சிவகிரி மலைப்பகுதியில் பிறந்து மேற்கே அரபிக்கடலுக்குப் போகும் பெரியாற்றின் நீரில் ஒரு பகுதியை, மேற்குத் தொடர்ச்சி மலையையே குடைந்து கிழக்கே திருப்பினார்கள். முல்லையாறும் பெரியாறும் கூடும் இடத்துக்குச் சற்றுக் கீழே அணை. அங்கே தேங்கும் நீர் பள்ளத்தாக்குகளில் பரவித் தேக்கடி வரை வந்து நிற்கிறது. அந்த முனையில் மலைக்குள் ஒரு மைலுக்குச் சற்றுக் கூடுதலான சுரங்கம். அதன் வழியே நீர் தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கி வைகையில் கலக்கிறது. அரபிக்கடலுக்குப் போயிருக்க வேண்டிய நீர், வங்கக்கடலைப் பார்த்து ஓடும் ஆற்றில் சேர்கிறது. இதில் எங்கும் ஒரு பம்பு கிடையாது, எல்லாம் நீர் தன் போக்கில் இறங்கும் ஓட்டம்தான். 19ஆம் நூற்றாண்டில் இதைக் கணக்கிட்டுச் செய்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பிரமிப்பு குறைவதில்லை.

இந்த யோசனை ஆங்கிலேயருடையதா?

கட்டியது ஆங்கிலேய அரசு. யோசனை அதற்கு முந்தியது. 1789இல் இராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியின் அமைச்சரான பிரதானி முத்திருளப்ப பிள்ளை, பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று பார்த்துவர 12 பேரை மலைக்கு அனுப்பினார். முடியும் என்ற செய்தி வந்தது. செலவுதான் சமஸ்தானத்தின் சக்திக்கு மீறியது.

பிறகு 1808இல் கேப்டன் கால்டுவெல் என்பவர் ஆய்வு செய்து, இது வெறும் கனவு என்று அறிக்கை கொடுத்தார். 1850இல் ஒரு சிறிய முயற்சி தொடங்கி, காய்ச்சலாலும் கூலிச் சிக்கலாலும் நின்றுபோனது. 1860களில் மேஜர் ரைவ்ஸ் ஒரு திட்டம் தந்தார். காகிதம் காகிதமாக ஏறிக்கொண்டிருந்தபோது, 1876இல் தாது வருடப் பஞ்சம் வந்தது. தென் மாவட்டங்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு யாராலும் அந்தக் கோப்பை மூடிவைக்க முடியவில்லை. 1882இல் ஜான் பென்னிகுயிக் என்ற ஆங்கிலேயப் பொறியாளரிடம் பணி வந்தது.

பஞ்சத்தில் மனம் இளகித்தான் ஆங்கிலேயர் கட்டினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பாசனம் பெருகினால் நிலவரி பெருகும், வறண்ட பூமியில் விளைச்சல் வந்தால் குழப்பம் குறையும் என்ற கணக்கும் அதில் உண்டு. கணக்கோடு கட்டியதாக இருந்தாலும் அந்த நீரில் விளைந்த சோறு சோறுதான். இரண்டையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கேரளத்தில் இருக்கும் அணையைத் தமிழ்நாடு எப்படி இயக்குகிறது?

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சருக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தானது. திருவிதாங்கூர் சார்பில் திவான் இராம ஐயங்கார் கையெழுத்திட்டார். சுமார் 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் குத்தகை, காலம் 999 ஆண்டுகள். 1970இல் துணை ஒப்பந்தம் ஒன்று போட்டார்கள். அதன்படி குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது, மீன்பிடி உரிமை கேரளத்துக்குப் போனது, இந்த நீரில் மின்சாரம் எடுக்கத் தமிழ்நாட்டுக்கு அனுமதி கிடைத்தது. நிலம் கேரளத்துடையது, அணையின் பராமரிப்பும் இயக்கமும் தமிழ்நாடு பொதுப்பணித் துறையின் வழிவந்த நீர்வளத் துறையிடம் இருக்கிறது.

பென்னிகுயிக் தன் மனைவியின் நகைகளையும் சொத்தையும் விற்றுத்தான் அணையைக் கட்டினாரா?

எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லப்படும் கதை இது. எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் திட்டத்துக்குச் செலவு செய்தது சென்னை மாகாண அரசு, அதற்கு ஆவணம் இருக்கிறது. நகையும் சொத்தும் விற்ற கதை வாய்வழியாக வளர்ந்தது. அதை ஒதுக்கிவைத்தாலும் அந்த மனிதரின் உயரம் ஒரு அங்குலம்கூடக் குறையாது என்று நம்புகிறேன்.

ஜான் பென்னிகுயிக் 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோதே தந்தையும் ஓர் அண்ணனும் 1849இல் சில்லியன்வாலா போரில் ஒரே நாளில் இறந்தார்கள். இராணுவப் பொறியாளராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். கட்டுமானம் 1887இல் தொடங்கியது. வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளை மீண்டும் மீண்டும் அடித்துக்கொண்டு போனது. இருந்தும் கைவிடவில்லை. 1895 அக்டோபர் 10 அன்று ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். 1911இல் பென்னிகுயிக் இங்கிலாந்தில் காலமானார்.

அவர் பிறந்த நாள் பெரும்பாலும் தைப்பொங்கலோடு சேர்ந்து வரும். அன்று தேனி மாவட்டத்துப் பாலார்பட்டியில் ஊரே கூடி அவர் பெயரில் பொங்கல் வைக்கிறது. டீக்கடைச் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் மாட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. தேனி பேருந்து நிலையத்துக்கும் அவர் பெயர்தான். அவர் வாழ்ந்து மறைந்த கேம்பர்லியில் 2022இல் தமிழ்நாடு அரசு அவருக்குச் சிலை வைத்தது.

அவர் ஒருவர்தான் கட்டினாரா? மற்றவர்கள்?

நீங்கள் கேட்காவிட்டாலும் இதை நான் சொல்லிவிடுவேன். 1892 முதல் 1895 வரையிலான நான்கு ஆண்டுகளில் மட்டும் 483 பேர் நோயால் இறந்தார்கள். காலராவும் மலேரியாவும்தான் பெரிய எமன்கள். அவர்களை அணைக்கு வடக்கே, அந்தக் காட்டிலேயே புதைத்தார்கள். அணைக்குப் போக முடியாததால் அந்தக் கல்லறைகளுக்கும் நாம் போக முடியாது.

காடு வெட்டியவர்கள், கருங்கல் உடைத்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள், தலைச்சுமையாகத் தூக்கியவர்கள் எல்லாம் சமவெளியிலிருந்து மலையேறிப் போன கூலிகள். அவர்களோடு சென்னைப் பயனியர் படையினரும், தற்காலிகத் தடுப்புகள் அமைக்கக் கொச்சியிலிருந்து வந்த போர்த்துகீசியத் தச்சர்களும் வேலை செய்தார்கள். சாலையே இல்லாத மலைக்கு அத்தனை பொருளும் ஏற வேண்டும். அடிவாரத்திலிருந்து கம்பிவடத்தில் தொங்கவிட்டு ஏற்றினார்கள், மேலே படகில் கொண்டுபோனார்கள். மாட்டு வண்டிகள் ஓடாத இடம் இல்லை.

லோயர் கேம்பில் இருக்கும் மணிமண்டபத்தில் பென்னிகுயிக்குக்கு மாலை போடும்போது, பெயர் எழுதப்படாத அந்த 483 பேருக்காகவும் ஒரு நிமிடம் நில்லுங்கள். என் பாட்டி முதல் உலையில் அரிசி போடும்போது "மலையில செத்தவங்களுக்கு" என்று ஒரு பிடி எடுத்துத் தனியாக வைப்பாள். யார் அந்த மலையில் செத்தவர்கள் என்று சிறு வயதில் எனக்குத் தெரியாது.

அணை எதனால் கட்டப்பட்டது? இரும்பும் சிமெண்டும் இல்லாமலா?

அன்றைக்குக் கட்டியபோது இரண்டும் இல்லை. கருங்கல்லும் சுர்க்கிக் காரையும்தான். சுட்ட செங்கல்லைப் பொடியாக்கிச் சுண்ணாம்போடு சேர்த்து அரைப்பது சுர்க்கி. அணை தன் எடையாலேயே நீரின் தள்ளலை எதிர்த்து நிற்கும் வகை. ஆழமான அடித்தளத்திலிருந்து உயரம் 176 அடி, நீளம் சுமார் 1,200 அடி. மேலே 12 அடி அகலம் இருக்கும் சுவர் அடியில் 138 அடியாக விரிகிறது. பக்கத்தில் சிறிய பள்ளத்தை அடைக்க 240 அடி நீளத்தில் பேபி அணை.

1979க்குப் பிறகு பெரிய அளவில் பலப்படுத்தினார்கள். மேல்முகட்டில் கான்கிரீட் போர்த்தி, அணையின் உடலைத் துளைத்து எஃகு வடங்களை அடிப்பாறையோடு இறுக்கிக் கட்டி, பின்புறம் கான்கிரீட் முட்டும் கொடுத்தார்கள். ஆகவே இன்று நிற்பது 1895இன் சுவர் மட்டும் அன்று.

136 அடி, 142 அடி, 152 அடி என்று செய்திகளில் வருகிறதே, அது என்ன?

அணையில் நீரைத் தேக்கும் மட்டம். முழுக் கொள்ளளவுக்கான மட்டம் 152 அடி. பாதுகாப்பு குறித்த அச்சம் எழுந்தபோது 1979இல் அது 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. பலப்படுத்தும் பணிகளுக்குப் பிறகு 142 அடி வரை தேக்கலாம் என்று 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேரளம் அதைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான குழு ஆராய்ந்து அறிக்கை தந்தபின், 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்து 142 அடியை உறுதிசெய்தது. அதே ஆண்டு நவம்பரில் நீர்மட்டம் 142ஐத் தொட்ட அன்று கூடலூரிலும் கம்பத்திலும் மக்கள் இனிப்பு கொடுத்துக் கொண்டாடினார்கள்.

இன்னொரு எண்ணும் முக்கியம்: 104 அடி. அதற்குக் கீழே இருக்கும் நீர் சுரங்கத்துக்கு ஏறாது. ஏரி நிறைய நீர் தெரிகிறதே என்று தேக்கடியில் நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

அரசியல் பேச நான் வரவில்லை. வண்டிப்பெரியாற்றில் அணைக்குக் கீழே குடியிருக்கும் தாய்க்கு மழை இரவில் வரும் பயமும் உண்மை, நாற்றங்காலில் வெடிப்பு விழுந்ததைப் பார்க்கும் கம்பத்து விவசாயியின் தவிப்பும் உண்மை. குமுளியில் டீ குடிக்கும்போது இரு பக்கத்தாரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே போய் அணையைப் பற்றிச் சவடாலாகப் பேசாதீர்கள்.

சரி, எங்கே தொடங்கி எங்கே முடிப்பது?

மதுரையிலிருந்து தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகக் குமுளிக்குப் பேருந்துகள் நிறைய உண்டு. மதுரையிலிருந்து தேனி, போடி வரை இரயிலும் ஓடுகிறது. முதல் நாள் இரவே குமுளிக்கு வந்து தங்கி, மறுநாள் மேலிருந்து கீழே இறங்குங்கள். நீர் இறங்கும் திசையில் நீங்களும் இறங்க வேண்டும், எதிர்த்து ஏறினால் இந்தப் பயணம் புரியாது.

காலையில் தேக்கடி. வாகனத்தை வெளியே நிறுத்திவிட்டுப் படகுத்துறைக்குப் போக வேண்டும். ஏரியில் பட்டுப்போன மரங்களின் கறுத்த முண்டங்கள் நீருக்கு மேலே நிற்கும். அணை கட்டி நீர் ஏறியபோது மூழ்கிய காட்டின் மரங்கள் அவை. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அப்படியே நிற்கின்றன, நீர்க்காகங்கள் அவற்றில் சிறகு உலர்த்துகின்றன. யானை தெரியாவிட்டால் வருந்தாதீர்கள், அந்த முண்டங்களைப் பார்த்தாலே போதும். படகில் உயிர்காப்புச் சட்டையைக் கட்டாயம் அணியுங்கள், எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து நிற்காதீர்கள். 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் ஒரு படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

பிறகு குமுளி மலைச்சாலையில் இறங்குங்கள். சுரங்கத்திலிருந்து வந்த நீர் போர்பே அணையில் தேங்கி, அங்கிருந்து நான்கு ராட்சதக் குழாய்களில் மலைச்சரிவில் பாய்கிறது. அவை சாலையிலிருந்தே தெரியும். கீழே லோயர் கேம்பில் மின் நிலையம். 1950களின் இறுதியில் இயங்கத் தொடங்கிய இந்த நிலையத்துக்குள் அனுமதி இல்லை. நீர் சுழலியைச் சுற்றிவிட்டு வைரவனாற்றில் வந்து விழுவதை வெளியிலிருந்து பார்க்கலாம். மின் நிலையத்துக்கு வேண்டியதற்கு மேல் வரும் நீர் இரைச்சல் பாலத்தின் வழியே பாறைகளில் விழுந்து வரும். நீர் விடும் நாளில் பெயருக்கு விளக்கமே தேவையில்லை, பக்கத்தில் நிற்பவரின் பேச்சு கேட்காது. ஆனால் ஆற்றில் இறங்காதீர்கள், நீர்வரத்து எந்த நேரமும் திடீரென்று கூடும்.

லோயர் கேம்பிலேயே சாலையோரம் பென்னிகுயிக் மணிமண்டபம், 2013 ஜனவரி 15 அன்று திறக்கப்பட்டது. அரைமணி நேரம் போதும். அங்கிருந்து கூடலூர், கம்பம் வழியில் இரு பக்கமும் வயல்களும் தென்னையும் திராட்சைப் பந்தல்களும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பந்தலுக்குள் போய் வாங்குங்கள், சாலையோரத்துக் கூடையைவிடச் சுவை கூடுதல்.

நேரமிருந்தால் வைகை அணையையும் பார்த்துவிட்டு, அதற்குக் கீழே வைகையின் குறுக்கே இருக்கும் பேரணையில் பெரியாற்றுப் பிரதானக் கால்வாய் பிரியும் இடத்தையும் பாருங்கள். அங்கிருந்து கள்ளந்திரி, மேலூர் பக்கம் போகும் கால்வாய் ஓரத்துச் சாலை மாலை வெயிலில் மிக அழகு.

எந்த மாதம் வரலாம்?

கம்பம் பள்ளத்தாக்கின் முதல் போகத்துக்கு ஜூன் 1 அன்று நீர் திறப்பது வழக்கம். இருப்பு குறைந்த ஆண்டுகளில் தள்ளிப்போகும். முடிந்தால் அந்த வாரத்தில் வாருங்கள். தலைமதகில் மலர் தூவுவார்கள், அது அதிகாரிகளுக்கான நிகழ்ச்சி. நீங்கள் பார்க்க வேண்டியது அதற்கடுத்த நாட்களை. காய்ந்து கிடந்த வாய்க்காலில் முதல் நீர் சருகுகளையும் பிளாஸ்டிக் பைகளையும் தள்ளிக்கொண்டு, நுரை கட்டி, ஒரு நடக்கும் வேகத்தில் வரும். சிறுவர்கள் அதன் முன்னால் ஓடுவார்கள். கரையில் நிற்கும் பெரியவர்கள் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். உலகத்தில் வேறு எங்கும் எனக்கு அவ்வளவு மனம் நிறைந்ததில்லை.

ஏரி நிறைந்து பார்க்க வேண்டுமென்றால் அக்டோபருக்குப் பிறகு. விலங்குகள் கரைக்கு வருவதைப் பார்க்க மார்ச், ஏப்ரல்.

இன்றைக்கு இதனால் என்ன பயன்?

தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் என ஐந்து மாவட்டங்களின் பாசனமும் குடிநீரும் இதைச் சார்ந்திருக்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளையும் நிலம் 14,707 ஏக்கர். பேரணைக்குக் கீழே கள்ளந்திரி வரை இருபோக நிலம் 45,041 ஏக்கர். மேலூர்ப் பகுதியில் ஒருபோகம் 85,563 ஏக்கர். மதுரை நகரம் குடிக்கும் நீரிலும் இதன் பங்கு உண்டு.

எண்களைவிட எனக்கு முக்கியமானது வேறு. இந்த ஏற்பாடு 125 ஆண்டுகளுக்கு மேல் ஓடுவதற்குக் காரணம் கல்லும் சுண்ணாம்பும் மட்டுமல்ல. வாய்க்கால் வாய்க்காலாகத் தூர் வாரியவர்கள், இரவில் விளக்கோடு போய் மடை திருப்பிய நீர்பாய்ச்சிகள், ஷட்டருக்கு மசகு போட்ட ஊழியர்கள், இவர்கள் நிறுத்தியிருந்தால் பத்தே ஆண்டில் எல்லாம் மண்மேடாகியிருக்கும். இப்போது அந்த இடத்தில்தான் எனக்குக் கவலை. பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கும் ஊர்களிலேயே வாய்க்கால் கரையில் குப்பை கொட்டுகிறோம், கண்மாய்க்குள் கட்டடம் எழுப்புகிறோம். பயணம் வருகிறவர்கள் வாய்க்காலில் தண்ணீர்ப் புட்டியையாவது வீசாமல் போனால் எனக்கு நிம்மதி.

கடைசியில் இந்த நீர் எங்கே போய்ச் சேர்கிறது?

வைகை அணையில் பெரியாற்று நீரும் வைகை நீரும் ஒன்றாகவே தேங்குகின்றன. பிரிவு கணக்குப் புத்தகத்தில்தான். ஆறு மதுரையைத் தாண்டி, மானாமதுரை, பரமக்குடி வழியாக இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வருகிறது. எல்லா மடைகளும் எடுத்தது போக மிஞ்சியதுதான் அங்கே வரும். பல ஆண்டுகளில் அந்தக் கண்மாய் முழுதாக நிறைவதில்லை.

1789இல் அந்த 12 பேரும் மலையைப் பார்க்கப் புறப்பட்டது அதே இராமநாதபுரத்திலிருந்துதான். உங்களுக்கு இன்னும் ஒரு நாள் இருந்தால் பயணத்தை மேலூரில் முடிக்காமல் அந்தக் கண்மாய்க் கரை வரை போய்ப் பாருங்கள்.